விலை வீழ்ந்த ஊரில் போதிசத்துவ நெறி: மியாசவா கென்ஜியின் உழவர் கவிதைகள்

பசியைப் பற்றிப் பேசும் பழைய சமய இலக்கியங்கள் பெரும்பாலும் வானத்தைப் பார்த்தே பேசுகின்றன. மழை பொய்த்தது, நிலம் விளையவில்லை, ஆகவே உயிர்கள் வாடின என்பதே அவை அறிந்த காரணத் தொடர். மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் கதையும் இந்த எண்ணத்தின்மேல்தான் நிற்கிறது. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியைக் கையில் ஏந்தி ஏழைகளின் பசியாற்றிய அவனிடம் இந்திரன் சினங்கொண்டு, பன்னிரண்டு ஆண்டு வறண்டு கிடந்த பாண்டிய நாட்டில் மழை பெய்விக்கிறான். நாடு செழித்ததும் உணவு கேட்டு வருவோர் எவருமின்றிப் பாத்திரம் பயனற்றுப் போகிறது. மழை வந்தால் பசி போய்விடும் என்பதில் காப்பியத்துக்கு ஐயமே இல்லை. ஆனால் 1930-க்குப் பின் உலகின் பல உழவர் ஊர்களில் நேர்ந்தது இதற்கு நேர்மாறானது: மழை பெய்தது, கதிர் முற்றியது, களம் நிறைந்தது, அறுத்தவன் வீட்டில் அடுப்பு எரியவில்லை. விளைச்சல் குறைந்து வரும் துன்பத்துக்கு இரக்கமும் தானமும் தவமும் விடையாகக் கருதப்பட்டன என்றால், விளைச்சல் மிகுந்து விலை வீழ்ந்ததால் வரும் துன்பத்துக்குச் சமயம் சொல்லக்கூடிய விடை என்ன என்ற கேள்வி அங்கே எழுகிறது. அந்தக் கேள்வியின் நடுவே வாழ்ந்து, அதற்கு ஒருபாதி விடையையும் மறுபாதி மௌனத்தையும் கவிதையாக விட்டுச் சென்றவர் ஜப்பானியக் கவிஞர் மியாசவா கென்ஜி.

ஜப்பானின் முதன்மைத் தீவாகிய ஹொன்ஷுவின் வடகிழக்குப் பகுதி தோஹொகு எனப்படும். கோடையில் கடலிலிருந்து வீசும் யாமசே என்ற குளிர்காற்று நெல் பூக்கும் பருவத்தில் வந்துவிட்டால் கதிர்கள் பால்பிடிக்காமல் பதராகிவிடும் என்பதால், இப்பகுதியின் உழவர் வறட்சியைவிடக் குளிர்ந்த கோடையையே மிகுதியாக அஞ்சினர். இவ்வாறு இயற்கையே கடிதாக இருந்த இடத்தில் 1930-இல் வேறொரு பேரிடர் சேர்ந்தது. அவ்வாண்டு ஜனவரியில் ஜப்பானிய அரசு தன் நாணயத்தை மீண்டும் தங்கத்தோடு பிணைத்தது. அதாவது யென் நாணயத்தின் மதிப்பு குறிப்பிட்ட அளவு தங்கத்துக்கு ஈடாக நிலைநிறுத்தப்பட்டது. அமெரிக்காவில் தொடங்கிய பெருமந்தம் உலகெங்கும் பரவிக்கொண்டிருந்த நேரத்தில் எடுக்கப்பட்ட இம்முடிவு உள்நாட்டு விலைகளை மேலும் அழுத்தியது. உழவர் குடும்பங்களில் ஐந்தில் இரண்டு பட்டுப்புழு வளர்த்துக் கையில் ரொக்கம் கண்டுவந்தன. ஜப்பானியப் பட்டு நூலின் பெருஞ்சந்தை அமெரிக்காவாக இருந்தமையால், அங்கே காலுறை வாங்குவோர் குறைந்ததும் இங்கே பட்டுக்கூட்டின் விலை சரிந்தது. அதே ஆண்டின் இலையுதிர் காலத்தில் நெல் அமோகமாக விளைந்தது. விளைச்சல் மதிப்பீடு வெளியானதும் அரிசி விலையும் விழுந்தது. இந்நிலைக்கு ஜப்பானியர் ‘அமோக விளைச்சல் பஞ்சம்’ என்றே பெயரிட்டனர். அடுத்த ஆண்டு, 1931-இல், தோஹொகுவில் குளிர் வந்து பயிர் கெட்டது. விலையும் இல்லை, விளைச்சலும் இல்லை. குத்தகை நெல்லாக விளைச்சலில் ஏறத்தாழப் பாதியை நிலவுடைமையாளருக்கு அளந்த குடியானவர்கள், கடனுக்கு ஈடாகத் தம் பெண்மக்களை நகரத்து ஆலைகளுக்கும் கேளிக்கை விடுதிகளுக்கும் முன்பணம் பெற்று அனுப்பிய கொடுமை இக்காலத்தில்தான் நாடறிந்த செய்தியாயிற்று.

கென்ஜி 1896-இல் தோஹொகுவின் இவாதே மாநிலத்திலுள்ள ஹனமகி என்ற சிற்றூரில் பிறந்தார். அவர் குடும்பம் அடகுக்கடையும் பழைய துணி வணிகமும் நடத்தி வந்தது. அவர் கவிதைகளைச் சமய நோக்கில் படிப்போர் சிலர் இச்செய்தியை வாழ்க்கைக் குறிப்பாக மட்டும் கடந்துவிடுகின்றனர்; அது பெரும்பிழை. விளைச்சல் கெட்ட ஆண்டுகளில் சுற்றுப்புற ஊர்களிலிருந்து உழவர்கள் குளிர்கால உடுப்பையும் கருவிகளையும் கொண்டுவந்து வைத்துப் பணம் வாங்கிச் சென்றனர். மீட்க முடியாமல் மூழ்கிய அடகே கடையின் சரக்காயிற்று. ஊரின் துன்பம் பெருகும் ஆண்டில் வீட்டின் வருவாயும் பெருகும் என்ற கணக்கை அச்சிறுவன் நூல்களில் படித்து அறியவில்லை. கடைத்திண்ணையில் உட்கார்ந்து அறிந்தான். பிற்காலத்தில் அவர் தம்மைத் தேவராகவோ மனிதராகவோ பாராமல், பொறாமையும் சினமும் கொண்டு ஓயாது போரிடும் அசுரராகப் பார்த்து, 1924-இல் தம் செலவில் வெளியிட்ட முதல் கவிதைத் தொகுதிக்கு ‘வசந்தமும் அசுரனும்’ என்று பெயர் வைத்ததில் இந்தக் குற்றவுணர்வுக்கும் பங்கு உண்டு என்று கொள்வது மிகையாகாது. பௌத்தம் கூறும் ஆறு பிறவி நிலைகளுள் அசுர நிலை ஒன்று; அது நரகமன்று, ஆனால் அமைதியும் அன்று.

அவருடைய தந்தை தூய நிலப் பௌத்தத்தின் ஷின் பிரிவில் ஆழ்ந்த பற்றுடையவர். மனிதன் தன் முயற்சியால் உய்ய இயலாது, அமிதாப புத்தரின் அருளுக்குத் தன்னை முழுவதும் ஒப்புக்கொடுத்து அவருடைய மேற்குத் திசைத் தூய நிலத்தில் பிறப்பதே வழி என்பது அப்பிரிவின் கொள்கை. தாய்ப்பூனை கவ்விச் செல்லும் குட்டியை எடுத்துக்காட்டாகச் சொல்லும் தென்கலை வைணவத்தை அறிந்த தமிழ் வாசகருக்கு இதன் உட்கருத்து புதிதன்று. கென்ஜி பதினெட்டாம் வயதில் தாமரைச் சூத்திரத்தைப் படித்து, அந்நூலையே உயிராகக் கொண்ட நிச்சிரென் நெறிக்குச் சென்றார். சத்தர்ம புண்டரீகம் என்ற வடமொழிப் பெயருடைய இந்நூலை நிச்சிரென் வழியினர் பொருள்கொண்ட விதத்தில், தூய நிலம் வேறெங்கோ இல்லை. இவ்வுலகமே புத்தரின் நிலமாக ஆக வேண்டும், ஆக்கப்பட வேண்டும். தந்தைக்கும் மகனுக்கும் இடையே நடந்த நீண்ட சண்டைகள் சமயப் பிரிவுச் சண்டைகளாகத் தோன்றினாலும், அவற்றுக்கு அடியில் கிடந்தது வேறொன்று: இவ்வுலகில் அடகுக்கடை நடத்திக்கொண்டே மறுவுலகின் தூய நிலத்தை நம்பி வாழலாமா என்பதுதான். தந்தையார் தீயவரல்லர் என்பதும், மகன் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அக்கடையின் வருவாயைச் சார்ந்தே கழித்தார் என்பதும் இக்கேள்வியை எளிதாக்கவில்லை.

1921 இறுதி முதல் ஹனமகி வேளாண் பள்ளியில் ஆசிரியராக இருந்த கென்ஜி, 1926-இல் பணியை விட்டு ஊர்ப்புறத்திலிருந்த குடும்பத்து வீட்டில் தனியே தங்கி, நிலத்தைத் தாமே கொத்திப் பயிர் செய்யத் தொடங்கினார். ராசு சிஜின் சங்கம் என்ற பெயரில் உழவ இளைஞரைக் கூட்டி மண்ணியல், உரக்கணக்கு, இசை, நாடகம் என எல்லாவற்றையும் கற்பித்தார். உழவர் கலை குறித்து எழுதிய சுருக்கக் குறிப்புகளில், உலகம் முழுவதும் இன்புறாதவரை எந்தத் தனிமனிதனுக்கும் இன்பம் இல்லை என்ற கருத்தை அடித்தளமாக வைத்தார். இது வெறும் நல்லெண்ணமன்று; எல்லா உயிரும் கரையேறும்வரை தான் கரையேறுவதில்லை என்று உறுதி பூணும் போதிசத்துவக் கொள்கையின் உழவர் வடிவம். நிலத்தின் தன்மையைக் கேட்டறிந்து, எந்த வயலுக்கு எந்த உரம் எவ்வளவு என்று அவர் இலவசமாக எழுதிக்கொடுத்த திட்டத்தாள்கள் 2,000-க்கும் மேற்பட்டவை என்று அவர் வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. குளிரைத் தாங்கும் ரிகு-ஊ 132 என்ற நெல்வகையைப் பயிரிடுமாறு அவர் ஊக்கினார். அந்த எண் அவர் கவிதைக்குள்ளேயே இடம்பெறுகிறது.

இக்காலத்துக் கவிதைகளுள் 1927 ஆகஸ்ட் 20 என்று நாளிடப்பட்ட ஒன்று, 1931-இல் அவர் ஒரு குறிப்பேட்டில் எழுதி, பின்னர் நாடெங்கும் புகழ்பெற்ற கவிதையைவிடச் சமய நோக்கில் ஆழமானது என்பது இக்கட்டுரையின் துணிபு. அரைமாதம் வெயிலின்றி வானம் மூடிக்கிடந்த பின் அன்று காலை அடித்த மழையில், தாம் உரத்திட்டம் எழுதிக்கொடுத்த வயல்களின் நெல் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்துவிட்டதைக் கண்ட கவிஞர், கையிலிருக்கும் கருவியை எறிந்துவிடுமாறு தமக்குத் தாமே ஆணையிடுகிறார். இந்நேரத்தில் வயலில் மும்முரமாக உழைப்பது உழைப்பாகாது, முகம் கொடுக்க அஞ்சி ஒளிந்துகொள்வது என்று அவர் கண்டுகொள்கிறார். வீட்டுக்குப் போய் வானிலை நிலையத்தைத் தொலைபேசியில் விசாரித்து, நனைவதற்கு ஆயத்தமாகி, தலையை இறுகக் கட்டிக்கொண்டு, வெளிறி இறுகிப்போன முகங்களை ஒவ்வொன்றாக எதிர்கொண்டு, எவ்வழியிலேனும் இழப்பை ஈடுகட்டுவேன் என்று சொல்லிக்கொண்டே நட என்பது அவ்வாணையின் முடிவு.

இக்கவிதையில் புத்தரின் பெயர் இல்லை, சூத்திரமும் இல்லை. ஆயினும் கருணை என்ற சொல்லுக்குப் பெரும்பாலான சமய நூல்கள் தரும் பொருளைவிடக் கடுமையான பொருள் ஒன்று இங்கே கிடைக்கிறது. பொதுவாகக் கருணை உடையவன் மேலே நிற்கிறான், துன்புறுபவன் கீழே நிற்கிறான். கொடுப்பது கொடுப்பவன் விருப்பம், கொடுக்காவிடில் அவன் கடன்காரன் ஆவதில்லை. இக்கவிதையிலோ கருணை கடனாகிவிடுகிறது. உரம் விலைக்கு வாங்கும் பொருள். பல வீடுகளில் அது கடனுக்கு வாங்கிய பொருள். ஆகவே ஆலோசனை கூறியவன் வயல் சாய்ந்ததும் வருந்திவிட்டுப் போக முடியாது. அடகுச்சீட்டு எழுதிய வீட்டின் மகன், உழவரிடம் வாங்கும் பக்கத்திலிருந்து கொடுக்க வேண்டிய பக்கத்துக்குத் தம் பெயரை மாற்றி எழுதிக்கொள்ளும் நேரம் அது. எவ்வழியிலேனும் என்று அவர் சொல்லும்போது அந்த வழி தந்தையின் பெட்டியைத் தவிர வேறில்லை என்ற கசப்பும் சேர்ந்தே ஒலிக்கிறது. அந்தக் கசப்பை அவர் மறைக்க முயலவில்லை.

1928-இல் நுரையீரல் உறை அழற்சியால் படுத்த கென்ஜி, ஓரளவு தேறியபின் 1931-இல் தோஹொகு கல் நொறுக்கு ஆலை என்ற நிறுவனத்தில் தொழில்நுட்பப் பணியாளராகச் சேர்ந்து, அமிலத்தன்மை மிகுந்த மண்ணைத் திருத்தும் சுண்ணாம்புக்கல் பொடியை விற்க ஊர் ஊராக அலைந்தார். உரத்துக்குக்கூடக் காசில்லாத ஆண்டில் மண்திருத்தி விற்கும் முகவராக அவர் திரிந்த நிலையைப் போதிசத்துவச் செயல் என்று போற்றுவதா, பெருமந்தத்தின் அபத்தங்களுள் ஒன்றாக எண்ணுவதா என்பது படிப்போர் மனநிலையைப் பொறுத்தது, இரண்டும் பொருந்தும். அவ்வாண்டு செப்டம்பரில் மாதிரிகளைச் சுமந்துகொண்டு டோக்கியோவுக்குச் சென்றவர் காய்ச்சலில் விழுந்து, பெற்றோருக்கு இறுதிக் கடிதம் எழுதும் நிலைக்குப் போய், ஹனமகிக்குத் திரும்பினார். நவம்பர் 3-ஆம் நாள், படுக்கையிலிருந்தபடி சிறு குறிப்பேட்டில், மழைக்கும் காற்றுக்கும் தோற்காத ஒருவனைப் பற்றிய அந்தப் புகழ்பெற்ற கவிதையை எழுதினார். அவர் 1933-இல் இறந்தபின்னரே அக்குறிப்பேடு கண்டெடுக்கப்பட்டது.

அக்கவிதை ஒரு விருப்பப் பட்டியல். இப்படிப்பட்டவனாக ஆக வேண்டும் என்பதே அதன் இறுதித் தொடர். உடல் உறுதியும் ஆசையின்மையும் சினமின்மையும் உடைய ஒருவன், பழுப்பரிசியும் மிசோ என்ற புளிக்கவைத்த சோயாச் சாந்தும் சில காய்களும் உண்டு, பைன் தோப்பின் நிழலில் புல்வேய்ந்த குடிசையில் வாழ்கிறான். கிழக்கே நோயுற்ற குழந்தைக்குப் பணிவிடை, மேற்கே களைத்த தாயின் நெற்கட்டைச் சுமத்தல், தெற்கே இறப்பவருக்கு அச்சம் தவிர்த்தல், வடக்கே சண்டையும் வழக்குமிட்டுக்கொள்வோரிடம் இது அற்பம், விட்டுவிடுங்கள் என்று சொல்லுதல் என நான்கு திசையும் அவன் போகிறான். வறட்சியில் அழுகிறான், குளிர்ந்த கோடையில் செய்வதறியாது நடக்கிறான், ஊரார் அவனை மரமண்டை என்கின்றனர், புகழ்வாரும் இல்லை, தொல்லையென நினைப்பாரும் இல்லை. தாமரைச் சூத்திரத்தில், எதிர்ப்படும் எல்லாரையும் வருங்காலப் புத்தராக வணங்கி, அதற்காகவே கல்லடியும் தடியடியும் பெற்ற சதாபரிபூதர் என்ற போதிசத்துவரின் சாயல் இம்மனிதன்மேல் விழுந்திருப்பதை ஆய்வாளர் பலர் காட்டியுள்ளனர்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இக்கவிதை பற்றி எழுந்த விவாதம் ஜப்பானிய இலக்கிய உலகில் பெயர்பெற்றது. மெய்யியலாளர் தனிகாவா தெத்சுசோ இதை நவீன ஜப்பானின் மிக உயர்ந்த கவிதைகளுள் வைத்துப் போற்ற, கவிஞர் நகமுரா மினோரு 1950-களில் இதைக் கென்ஜியின் சறுக்கலாகவும், உழவர் நடுவே புத்துலகம் படைக்க முயன்றவர் தோற்றுப் பின்வாங்கியதன் சான்றாகவும் கண்டார். நகமுராவின் குற்றச்சாட்டை எளிதில் தள்ளிவிட முடியாது. 1931-இல் எழுதப்பட்ட ஓர் உழவர் கவிதையில் அரிசி விலை இல்லை, வட்டி இல்லை, குத்தகை இல்லை. வடதிசைச் செயலோ இதனினும் இடறுகிறது: அந்த ஆண்டுகளில் தோஹொகுவில் பெருகிய வழக்குகளுள் மிகப்பல, நிலத்தைப் பிடுங்க வந்த உடைமையாளரோடு குத்தகைக்காரர் தொடுத்த நிலத்தகராறுகள். நிலம் போனால் குடும்பமே போய்விடும் என்றிருக்கும் ஒருவனிடம் வழக்கு அற்பமானது என்று சொல்பவன், எவ்வளவு தூயவனாயினும், உடைமையாளன் விரும்பும் சொல்லையே சொல்கிறான். இக்கவிதையைப் போர்க்கால அரசு எந்திரம் தயக்கமின்றிப் பயன்படுத்திக்கொண்டதும் தற்செயலன்று; குறைவாக உண்டு முணுமுணுக்காமல் உழைக்கும் மனிதன் எல்லா அரசுகளுக்கும் ஏற்றவன். போரில் ஜப்பான் தோற்றபின் வந்த பாடநூலில், அவன் ஒரு நாளைக்கு உண்ணும் நான்கு கோ (கோ என்பது ஜப்பானிய முகத்தலளவை) அரிசி, பங்கீட்டு அளவோடு முரண்படும் என்பதால் மூன்று கோ என்று திருத்தப்பட்டது. ஆசையற்றவனின் உணவிலும் கால்பங்கைப் பிடித்துக்கொள்ள அரசுக்குக் கை கூசவில்லை.

விலையும் வட்டியும் அவர் அறியாதவையல்ல என்பதே இங்கே உறுத்தும் செய்தி. அவர் கற்பனை இயற்கையின் பக்கமே திரும்பியது ஏன் என்பதற்கு 1932-இல் வெளிவந்த ‘குஸ்கோ புதோரியின் வரலாறு’ என்ற கதை ஓரளவு விளக்கம் தருகிறது. குளிர்ந்த கோடையால் வந்த பஞ்சத்தில் பெற்றோரை இழந்த சிறுவன் வளர்ந்து அறிவியலாளனாகி, மீண்டும் அத்தகைய கோடை வரும்போது எரிமலையை வெடிக்கச் செய்து, அதன் வாயுவால் வானத்தைச் சூடாக்கி, தன் உயிரைக் கொடுத்து நாட்டின் பயிரைக் காக்கிறான். குளிர் பகையாக இருக்கும்வரை அறிவியலும் தியாகமும் கைகோத்து அதை வெல்லலாம். ஆனால் ஒருவன் எரிமலையில் மடிவதால் பட்டுக்கூட்டின் விலை ஏறிவிடாது. தன்னை இழத்தலையே உயர்ந்த செயலாகக் கொண்ட சமயக் கற்பனைக்குச் சந்தை ஒரு சுவர். அங்கே தியாகத்தை ஏற்றுக்கொள்ள எவரும் இல்லை.

பௌத்தத்தில் இதற்கான கருவியே இல்லை என்று சொல்லவும் இயலாது. எப்பொருளும் தனித்துத் தோன்றுவதில்லை, ஒன்றைச் சார்ந்தே மற்றொன்று தோன்றுகிறது என்பது அதன் அடிப்படைக் கோட்பாடு. மணிமேகலைக்கு அறவண அடிகள் பன்னிரு சார்புகளாக விரித்துரைப்பதும் இதையே. காலுறை, தங்கம், கூடு, குத்தகை, அடகு, மகளின் விலை என்ற தொடரைச் சார்பின் சங்கிலியாகக் கண்டு பாடுவதற்குக் கோட்பாடு தடை செய்யவில்லை. ஆனால் வரலாற்றில் அச்சங்கிலி பெரும்பாலும் ஒருவனுடைய அறியாமையிலும் வேட்கையிலும் தொடங்கி அவனுடைய பிறவியில் முடிவதாகவே எண்ணப்பட்டது. ஒருவன் வேட்கையின் விளைவு கடல் கடந்து வேறொருவன் வயிற்றில் விழுவதைச் சொல்ல மரபில் உருவகங்கள் போதவில்லை. கென்ஜி உள்ளூர் உழைப்பாளர் உழவர் கட்சிக்கு மறைவாக உதவினார்; அவருடைய சங்கம் 1927-இல் காவல்துறையின் ஐயத்துக்கு ஆளாயிற்று. அரசியல் அவருக்குத் தெரியும். அதற்கும் சூத்திரத்துக்கும் பொதுவான ஒரு கவிதைமொழி அவருக்குக் கைகூடவில்லை என்று சொல்வதே நேர்மை.

இவ்வளவுக்கும் பின்னரும் குறிப்பேட்டுக் கவிதை நிற்கிறதென்றால் அதை நிறுத்துவன நான்கு திசை நற்செயல்கள் அல்ல. வறட்சியில் அழுவதும் குளிர்ந்த கோடையில் செய்வதறியாது நடப்பதும் ஆகிய அந்த இரண்டு இடங்களே. சமயக் கவிதை வழக்கமாகத் தன் நாயகனுக்கு ஏதேனும் ஒரு வலிமையை ஒதுக்கி வைத்திருக்கும்: அற்புதம், அருள், குறைந்தபட்சம் ஓர் ஆறுதல் மொழி. இறப்பவருக்குச் சொல்ல வார்த்தை வைத்திருக்கும் இம்மனிதன், விளையாத வயலின் முன் வார்த்தையின்றி நிற்கிறான். அவன் பயனற்றவனாகிறான், பயனற்றவனான பின்னும் ஊரைவிட்டுப் போகாமல் அங்கேயே நடந்துகொண்டிருக்கிறான். 1927-இல் ஈடுகட்டுவேன் என்று சொல்லிக்கொண்டு நடந்தவரே, சொல்லக் கையில் எதுவும் மிஞ்சாத 1931-இல் இப்படி நடக்கிறார் என்று இரு கவிதைகளையும் சேர்த்துப் படித்தால், நகமுரா கண்ட தோல்வி உண்மையே என்றாலும் அது மறைக்கப்பட்ட தோல்வியன்று என்பது புலப்படும்.

அந்தத் தோல்வியை எடைபோடும்போது பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய மற்றொருவர் உண்டு. கென்ஜி 1920-இல் சேர்ந்த கொக்குசூகை என்ற நிச்சிரென் இயக்கம், தாமரைச் சூத்திரத்தையும் ஜப்பானியப் பேரரசையும் ஒன்றாக இணைத்துப் பேசிய இயக்கம். ஏறத்தாழ அதே காலத்தில் அதில் சேர்ந்த தோஹொகுக்காரர்களுள் யாமகதா மாநிலத்தில் பிறந்த படை அதிகாரி இஷிவாரா கான்ஜியும் ஒருவர். கென்ஜி டோக்கியோ விடுதியில் காய்ச்சலோடு கிடந்ததற்குச் சில நாள்களுக்கு முன், 1931 செப்டம்பர் 18 இரவு, மஞ்சூரியாவில் தொடர்வண்டிப் பாதையில் குண்டு வைத்துவிட்டு அப்பழியைச் சீனர்மேல் போட்டு அந்நாட்டைக் கைப்பற்றத் தொடங்கிய சூழ்ச்சியின் முதன்மைத் திட்டக்காரர் இந்த இஷிவாராவே. இவ்வுலகையே புத்தரின் நிலமாக ஆக்க வேண்டும் என்ற அதே நம்பிக்கையிலிருந்து அவர் பெற்ற விடை செயல்திறம் மிக்கது; பின்னாளில் ஜப்பானின் வறிய ஊர்களிலிருந்து உழவர் குடும்பங்கள் மஞ்சூரியாவுக்குக் கூட்டங்கூட்டமாக அனுப்பப்பட்டு, சீன, கொரிய உழவரிடமிருந்து மலிவாகவும் வலிந்தும் வாங்கப்பட்ட வயல்களில் குடியேற்றப்பட்டனர். செய்வதறியாது நடப்பவனை மரமண்டை என்று அழைத்த ஊருக்கு, செய்வதறிந்தவர்கள் கொடுத்த நிலம் அது.